அடுத்து எழுதுபவர்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரங்கள் எல்லாம் அன்றைக்கே டைரியில் குறித்துவைத்தவை. எனக்கு நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்றே சொல்லிவிடுவேன். நம்பாமல் இருக்க நானும் பல நாள் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

1983ஆம் வருடம். ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த பாடாங் செராயில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே, மாடி அறையில் மாலை வகுப்பு நடந்தது. பரீட்சையில் தோற்றவர்களும் பாதியில் பள்ளியை விட்டவர்களும் வேலை முடிந்து படிக்க வந்தோம். நான் மர ஆலையில் வேலை பார்த்தேன். அறை சின்னது. அதனால் திங்கள், புதன் ஒரு கூட்டம்; செவ்வாய், வியாழன் இன்னொரு கூட்டம். ஒரு கூட்டத்தார் மற்றவர்களைப் பார்த்ததே இல்லை.

எங்களை இணைத்தது ஒரு நீள நோட்டு. ஆசிரியர் மோரிஸ் சார் அதை ஜன்னலோர மேசையில் கயிற்றால் கட்டிவைத்திருந்தார். முன்பக்கத்தில் அவர் ஒரு கேள்வி எழுதுவார். 'பெண்கள் தொழிற்சாலை வேலைக்குப் போகலாமா?' என்பது மாதிரி. இரண்டு கூட்டத்தாரும் கருத்து எழுதி, ஒருவருக்கொருவர் பதிலும் எழுத வேண்டும். நோட்டு என் பொறுப்பில் இருந்தது.

பின்பக்கத்தில் யாரோ ஒரு விளையாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்து எழுதப்போகிறவரைப் பற்றி ஓர் ஊகம். 'அடுத்து எழுதுபவர் இன்னும் குளிக்கவில்லை.' அடுத்தவர் ஆமாம் அல்லது இல்லை என்று எழுதிவிட்டு, தனக்குப் பின் வருகிறவரைப் பற்றி எழுதுவார். பெயர் போடக் கூடாது. ஜூன் மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பதினொரு வரி. பின்பக்கம் நூற்று நாற்பது.

ஜூலை 11, திங்கட்கிழமை. மோரிஸ் சார் எங்களிடமே கேட்டார். விளையாட்டு இருக்கட்டுமா, வேண்டாமா?

"கருத்துப் பேச வெச்ச நோட்டுல விளையாட்டு எதுக்கு சார்? அடுத்தவன் குளிச்சானான்னா பரீட்சையில கேக்கப் போறான்?" என்றாள் குணவதி.

"விளையாட்டு இருக்கறதாலதான் நோட்டையே தொறக்கறோம் லா! பின்னே, நீ எழுதுன கருத்தப் படிக்கவா லோரி ஏறி வர்றோம்?" என்றான் அழகேசன்.

எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"செவ்வாக்கிழமையில செலஸ்டின்னு ஒரு பிள்ள வருது. தோட்டத்துல பால் வெட்டுது. வகுப்புல வாயே தொறக்காது. அந்த விளையாட்டுல மட்டும் வயலட் மையில எழுதும். அதையும் மூடிட்டா அது வராது போலருக்கு. யோசிச்சுச் செய்ங்க."

கை தூக்கினோம். ஏழுக்கு ஏழு. நான் மட்டும் தூக்கவில்லை.

"நோட்டு ஒங்கிட்டதானே இருக்கு. நீயே சொல்லு பரஞ்சோதி" என்றாள் குணவதி.

எனக்கு எதிலும் சட்டென்று முடிவு வராது. பதினொன்றையும் நூற்று நாற்பதையும் நினைத்துக்கொண்டேன். "மூடிரலாம்" என்றேன். செவ்வாய்க் கூட்டத்தைக் கேட்கவில்லையே என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தம்பிக்குப் பந்து செய்ய அழகேசன் ஒரு டின்னில் ரப்பர் பால் எடுத்துப் போய்க்கொண்டிருந்தான். முறைத்துக்கொண்டே கொடுத்தான். அதைப் பூசிப் பின்பக்கங்களை ஒவ்வொன்றாக ஒட்டினேன். மணி 9.20.

ஜூலை 13, புதன். ஆறு மணியிலிருந்து மழை. நான் மாடிக்கு வந்தபோது 7.15. வகுப்பு எட்டு மணிக்கு. தோட்டத்து ஆட்களை ஏற்றிவரும் லோரியைக் காணோம். அறையில் நான் மட்டும்தான்.

நோட்டைத் திறந்தேன். முன்பக்கத்தில், மோரிஸ் சாரின் கேள்விக்குக் கீழே, வயலட் மையில் ஒரு வரி இருந்தது.

'அடுத்து எழுதுபவர் தனியாக இருக்கிறார்.'

நேற்று செலஸ்டின் கோபத்தில் எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். மை ஈரமாக இருந்தது. ஜன்னல் வழியே சாரல் அடித்திருக்கலாம். நிச்சயமில்லை.

அழகேசன் எங்கேயோ ஒளிந்துகொண்டு வேடிக்கை காட்டுகிறான் என்றும் தோன்றியது. பேனாவை எடுத்து, 'ஆமாம். அடுத்து எழுதுபவர் அழகேசன்' என்று எழுதினேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். நாலு எட்டு போக, நாலு எட்டு வர. அவ்வளவுதான்.

திரும்பி வந்து பார்த்தேன். 7.31.

'இல்லை. அடுத்து எழுதுபவருக்கு மழைச் சத்தம் கேட்கிறது.'

படிக்கட்டுக் கதவைப் பார்த்தேன். நான் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. மேசைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அலமாரியைத் திறந்தேன். சாக்குக்கட்டிப் பெட்டி, பழைய தாள்கள். வேறொன்றும் இல்லை.

"யாரு?" என்றேன்.

மழைதான் கேட்டது.

எழுதாமல் விட்டிருக்கலாம். ஏன் எழுதினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. 'ஆமாம். அடுத்து எழுதுபவர் இந்த அறையில் இருக்கிறார்.'

நோட்டை மூடினேன். மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டேன். மனத்துக்குள் அறுபது வரை எண்ணினேன்.

திறந்தேன். 7.40.

'இல்லை. அடுத்து எழுதுபவர் கூப்பிட்டால் வருவார்.'

எழுத்துகள் கோணலாக இருந்தன. இருட்டில் தடவித் தடவி எழுதியது போல. தாளிலிருந்து ஒரு வாடை வந்தது. சேறும் அழுகிய இலையும் கலந்த வாடை...

ஆமாம் என்று எழுத என்னால் முடியவில்லை.

கூப்பிட்டால் வருவேனா? எங்கே? யார் கூப்பிடுகிறார்கள்?

அது போய்விட வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆமாமும் எழுதாமல், இல்லையும் எழுதாமல், விதியை மீறி எழுதினேன்.

'அடுத்து எழுதுபவர் வீட்டுக்குப் போய்விட்டார்.'

இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

7.52.

தாளுக்கு அடியிலிருந்து மை ஊறி மேலே வந்தது. மெதுவாக... ஒவ்வொரு எழுத்தாக...

'இல்லை.'

அப்புறம் இன்னொரு வரி.

'அடுத்து எழுதுபவர்...'

நின்றுவிட்டது.

காத்திருந்தேன்.

வரவில்லை.

டொக். டொக். டொக்.

கதவு.

நான் அலறிவிட்டேன்.

"பரஞ்சோதி! தொற லா, நனையறோம்!"

அழகேசன் குரல். அவன் பின்னால் லோரியில் வந்தவர்கள். மணி 8.04. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் நேராக நோட்டிடம் போனான். படித்தான். சிரித்தான்.

"நல்லா இருக்குடா நியாயம்! எங்க விளையாட்டுக்கு ரப்பர் பால் பூசிட்டு, நீ மட்டும் தனியா உக்காந்து ஆடறியா? வயலட் பேனா எங்க வாங்குன, பாசார்லயா?"

"நான் எழுதல."

"பின்ன, பேயா எழுதுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். இரண்டு பேர் வரிகளையும் நானே எழுதியிருப்பேனோ என்றுகூட நினைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வகுப்பு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை செலஸ்டினைக் கண்டெடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் வகுப்புக்கு வந்திருக்கிறாள். நோட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். ஒட்டிய பக்கங்களை நகத்தால் பிரிக்கப் பார்த்துவிட்டு, உட்காராமலே போய்விட்டாள் என்று அந்தக் கூட்டத்துப் பிரிஜெட் சொன்னாள். லோரி ஒன்பதரைக்குத்தான் வரும். அதற்குக் காத்திராமல் குறுக்குப் பாதையில் தனியாக நடந்திருக்கிறாள். இடித்துப்போட்ட பழைய தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் மூடியில்லாத கிணறு ஒன்று இருந்தது. இருட்டில் அதில் விழுந்திருக்கிறாள். மகள் சுங்கை லாலாங்கில் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்று அவள் அப்பா ஏசுதாசன் நினைத்துக்கொண்டிருந்தார். அப்பாவிடமே இருக்கிறாள் என்று சித்தி நினைத்துக்கொண்டிருந்தாள். யாருமே தேடவில்லை.

செத்தவளின் ஆவிதான் வந்து எழுதியது என்று பிறகு அழகேசனே சொன்னான். நானும் அப்படித்தான் நம்பினேன். பயமாக இருந்தாலும் அதில் ஓர் ஆறுதல் இருந்தது. செவ்வாய் இரவே எல்லாம் முடிந்துவிட்டது, நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை என்ற ஆறுதல்.

ஆகஸ்ட் மாதம் ஏசுதாசனைப் பார்க்கப் போனேன். டாக்டர் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். விழுந்ததில் அவளுக்குக் கால் மட்டும்தான் முறிந்திருந்தது. கிணற்றில் அப்போது கணுக்கால் அளவு சேறுதான். புதன்கிழமை மழையில் தோட்டத்து வாய்க்கால் உடைந்து, அந்தத் தண்ணீர் இறங்கித்தான் கிணறு நிரம்பியது. தண்ணீரில் மூழ்கித்தான் அவள் இறந்தாள்.

வாய்க்கால் எப்போது உடைந்தது என்று தோட்டத்துக் காவலாளி பக்கிரிசாமியிடம் போய்க் கேட்டேன். அவர் தம் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

எங்கள் மாடி அறையிலிருந்து அந்தக் கிணற்றுக்குச் சைக்கிளில் பத்து நிமிடம்.

அவர் எழுதிவைத்திருந்த நேரம், புதன் இரவு 8.15.