ஜட்ஜா, ஒட்டானியா?

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் பேஸ்பால் பைத்தியம் பிடித்த தமிழ்ப் பெண் ஒருத்திதான். அவள் என் சிநேகிதி சுபானி. இருவரும் ஒரே பல் வைத்தியரிடம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து, அங்கேயே வேலைக்கும் அமர்ந்தோம். சுபானி பள்ளிக்கூடத்துக் காலத்தில் பேஸ்பால் கிளப்பில் சேர்ந்து விளையாடியவள். வுப்பர்டாலிலிருந்து வந்து அங்கே விளையாடிய யூட் என்ற வேதக்கார, கிறிஸ்தவப் பெடியனில் அவளுக்கு மனம் போய்விட்டது.

காதலர்கள் எதற்கெல்லாமோ சண்டை பிடிப்பார்கள். இதுகள் இரண்டும் உலகத்திலேயே சிறந்த அடிகாரன் யார் என்று சண்டை பிடித்தன. யூட்டுக்கு ஆரன் ஜட்ஜ், இவளுக்கு ஒட்டானி.

"ஒரு சீசனில அறுபத்திரண்டு ஹோம்ரன் அடிச்சவன்" என்பான் யூட். ஹோம்ரன் என்றால் கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி.

"ஒட்டானி அடிக்கிறான், ஓடுறான், பந்தும் போடுறான்."

"அடிக்கிறதைத்தானே கதைக்கிறம்? பந்து போடுறதை ஏன் உள்ளுக்க இழுக்கிறாய்?"

சுபானியின் அப்பா விஜயரத்தினம் கிரிக்கெட் ஆள். "பத்துக்கு ஏழு தரம் அவுட்டாகிறவங்களுக்கோ பிள்ளை இந்தச் சண்டை?" என்று சிரிப்பார். யூட்டைப் பற்றித் தெரியவந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஊருக்குப் போன் எடுத்து, எந்த ஆக்கள், என்ன சாதி என்று விசாரித்தார். பிறகு, "பெடியன் நல்லவன்தான். ஆனால் சரிவராது" என்றார். சுபானி வீட்டோடு மல்லுக்கட்டினாள். அங்கே யூட்டின் அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தார். சுபானியை விட்டுவிடுகிறேன் என்று அவன் மூன்றாம் நாள் தலையாட்டிவிட்டான். எவ்வளவு வேகமாகப் பந்து வந்தாலும் மட்டை வீசுகிறவனுக்கு வீட்டில் வாய் திறக்க ஏலாமல் போய்விட்டது. எனக்கு இன்றைக்கும் அவனில் கோபம்தான்.

அம்மா பார்த்த பெண்ணையே கட்டினான். விவாதத்தை மட்டும் இருவரும் விடவில்லை. காலையில் எஸ்-பான் ரயிலில் வேலைக்கு வரும்போது சுபானி அமெரிக்காவில் இரவு நடந்த ஆட்டத்தின் முடிவு பார்ப்பாள். ஜட்ஜ் அடித்திருந்தால் அவன் வாட்ஸ்அப்பில் எழுதுவான். ஒட்டானி அடித்திருந்தால் இவள் எழுதுவாள். சுகம் விசாரிப்பதில்லை, வேறு ஒரு சொல் இல்லை.

"இன்னொருத்தியின்ர புருஷன். விட்டுத் தொலையடி" என்று ஏசினேன்.

"விவாதம் முடிஞ்சா விடுறன், தேனுஜா."

"எப்ப முடியும்?"

"இது முடியிற விவாதமோ?" என்று சிரித்தாள். அப்பா கொண்டுவந்த சம்பந்தங்களையெல்லாம் அவள் ஏன் தட்டிக்கழித்தாள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இரண்டாயிரத்து இருபத்தைந்து சீசன் முடிந்தபோது அடி சராசரியில் ஜட்ஜ்தான் முதலிடம். யூட் துள்ளிக் குதித்து எழுதுவான் என்று காத்திருந்தாள். ஹோம்ரனில் ஒட்டானி இரண்டு கூட என்று பதிலும் தயார். மதியச் சாப்பாட்டு நேரம் செய்தி வந்தது. வாசித்துவிட்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"யோசிச்சுப் பார்த்தன். நீ சொன்னதுதான் சரி. ஒட்டானிதான்."

"வெண்டிட்டாய்!" என்றேன் நான், மடைச்சி.

அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஜட்ஜ் முதலாவதா வந்த நேரத்தில ஆராவது விட்டுக்குடுப்பினமே? யூட்டுக்குப் பிள்ளை பிறக்கப் போகுதாம், எங்கட சனம் கதைச்சுது, தேனுஜா. கதையை முடிக்கிறார்."

போனைப் பறித்து எழுதத் தொடங்கினாள். ஜட்ஜின் சராசரி, ஜட்ஜின் ஹோம்ரன், அடிக்கிறதுக்குள் பந்து போடுவதை இழுக்கக்கூடாது என்று யூட் இத்தனை வருடமாகச் சொன்ன எல்லாவற்றையும் அவனுக்கே எழுதினாள். கடைசியில், "இல்லை, நான்தான் பிழை. ஜட்ஜ்தான். நீர் மறுத்துச் சொல்லும் பாப்பம்" என்று போட்டு அனுப்பினாள்.

ஒரு டிக் விழுந்தது. அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிடும் வரை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இரண்டாவது டிக் விழவில்லை. அவன் அவளின் நம்பரைத் தடுத்துவிட்டான்.

"இன்னொருக்கால் சண்டை பிடிச்சிருக்கலாமே" என்று முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு அதற்குள் அழுதாள்.