உருவக்கூடாத கால்

மீன்பிடித்துக் கடலால் வந்தவரின் காலுக்கு நல்லெண்ணெய் பூசி உருவிவிடுவது எங்கள் குருநகர்ப் பெண்களுக்குக் கைவந்த வேலை. வாயால் ஒரு நல்ல சொல் சொல்லத் தெரியாத எனக்கு, என் மனுஷனிடம் அன்பைக் காட்டவும் அது ஒன்றுதான் வழி. கலியாணம் முடித்த காலம் தொட்டு ஏசிக்கொண்டேதான் உருவியிருக்கிறேன்.

போன மாரியில் அவருடைய பாதத்தில் திருக்கை முள் ஏறியது. புண் சீழ் பிடித்தது. பிறகு கெண்டைக்கால் வீங்கி, கல்லாக இறுகியது. ஆஸ்பத்திரியில் வாட்டிலே படுக்கவைத்து மறித்துவிட்டார்கள். சோற்றுப் பார்சலோடு எண்ணெய்ப் போத்தலையும் கொண்டுபோன நான், வாட்டிலேயே அவர் காலைத் தூக்கி மடியில் வைத்தேன்.

“அம்மா, கையை எடுங்கோ!” என்று ஓடிவந்தார் டொக்டர். என் மகளின் வயதுதான் இருக்கும். காலுக்குள் இரத்தம் உறைந்திருக்கிறதாம். உருவினால் அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய், ஆளையே கொண்டுபோய்விடுமாம். காலை மடியிலிருந்து மெல்ல இறக்கி வைத்தேன்.

“முள்ளுக் குத்தினது பாதத்திலை. மேலை ஏன் உறைஞ்சது?” என்று என் மனுஷன் கேட்டார்.

“கிருமியைப் பிடிக்க வெள்ளை அணுக்கள் வரும், ஐயா. ரத்தக் குழாயின்ரை உள்சுவரிலை ஒட்டிக்கொண்டு, நூல் நூலா வலை விரிக்கும். வழுவழுப்பா இருந்த சுவரும் குழம்பிப்போகும். சில நேரம் கிருமியோடை ரத்தமும் அந்த வலையிலை சிக்கி உறைஞ்சுபோகும்.”

“அப்ப எனக்குள்ளையும் வலைத் தொழில் நடக்குது,” என்று அவர் சிரித்தார். சாகக் கிடக்கிற மனுஷனுக்குப் பகிடி ஒரு கேடு! எனக்கு அழுகை வந்தது.

இரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். எனக்குத்தான் செய்ய ஒன்றுமில்லை.

“தொடலாமோ, பிள்ளை?” என்று டொக்டரிடம் கேட்டேன்.

“தொடலாம். அழுத்தக்கூடாது.”

அழுத்தாமல் தொட்டுப் பழக்கமில்லை. பூனைக்குட்டியின் மேல் வைப்பதுபோல அவர் கணுக்காலில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. இவர் போனால் எனக்கு யார் என்று நினைத்தபடி, வாய் திறக்காமல் இருந்தேன்.

மாதங்கள் போய் வீக்கம் வற்றியது. இனி உருவலாம் என்று டொக்டரே சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே எண்ணெயைச் சூடாக்கி, “காலை நீட்டுங்கோவன், மரம் மாதிரி இருக்கிறியள்!” என்று அதட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் கிண்ணத்தை வாங்கி அப்பால் வைத்தார்.

“உருவ வேண்டாம். வாட்டிலை வைச்ச மாதிரிக் கையை மட்டும் வை. அண்டைக்குத்தான் நீ என்னை ஏசாமல் தொட்டனீ.”