மார்ல்கோட்டின் எட்டுக் குடிசைகள்

ஜமால் முகமது வரைந்த வரைபடங்களுக்குக் கீழே எங்கள் மேலாளர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இரங்கல் எழுதும்போது இதைச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். வேறு எப்போது சொல்வது?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சார்ஜாவின் ரோலா பகுதியில் அவருடன் ஒரே அறையில் இருந்த காதர் என்னைக் கூப்பிட்டார். "செல்வா, பாயை எழுப்புறேன், எந்திரிக்க மாட்டேங்கிறாரு" என்றவர் அழுதார். நாற்பத்தாறு வயது. அங்கேயே அடக்கம் செய்தோம். கீழக்கரையிலிருந்து மனைவியும் மகளும் கைப்பேசியில் பார்த்தார்கள்.

வெளிநாட்டுப் பழைய காகித வரைபடங்களைக் கணினியில் மறுபடி வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. மார்ல்கோட் என்ற ஆங்கிலேயக் கிராமம் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட முடிவு செய்தது. சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஒரு தேவாலயம், ஒரு மாவு மில், நூறு வீடுகூடத் தேறாத ஊர். அதன் வரைபடங்கள் ஜமால் பாயின் மேசைக்கு வந்தன.

ஒன்றில் ஓடை பாதியில் நின்று, சற்றுத் தள்ளி மறுபடி தொடங்கியது. "அந்தக் காலத்து ஆளு மறந்திருப்பான், சேர்த்து விட்டுருங்க பாய்" என்றார் மேலாளர்.

"மறக்கல சார். தண்ணி இல்லாதப்ப வந்து அளந்திருக்கான். ராமநாதபுரத்துக்காரன்கிட்ட வந்து ஆறு வத்தாதுங்கிறீங்களே!"

அலுவலகமே சிரித்தது. ஊருக்கு எழுதிக் கேட்டோம். கோடையில் வறண்டு குளிர்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைதான் அது என்று பதில் வந்தது. சிரித்தவர்களில் மேலாளர் இல்லை.

வறண்ட அந்தத் துண்டில் பெயரில்லாத எட்டுச் சிறு கட்டங்கள் இருந்தன. கூலிக்காரர்களின் குடிசைகள். அதற்கு முந்தைய வரைபடத்தில் இதே எட்டும் மேட்டில், ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக இருந்தன. இடையில் ஒரு நிலக்கிழார் பொதுநிலத்துக்கு வேலி போட்டுவிட்டார். மூன்றாவது வரைபடத்தில் மேட்டிலும் குடிசை இல்லை, ஓடையிலும் இல்லை. "மேட்டுலேர்ந்து விரட்டி இங்க இடம் காட்டுனவனுக்குத் தெரியும் செல்வா, குளிருக்குத் தண்ணி வரும்னு. இல்லாதவனுக்கு எந்த நாட்டுலயும் ஆத்துக்குள்ளதான் இடம்" என்றார் பாய்.

பக்கம் நெரிசலாகத் தெரிகிறது, அந்தக் கட்டங்கள் வேண்டாம் என்று ஊரார் எழுதினார்கள். "கஸ்டமர் சொல்றாரு. அழிங்க, கலாஸ், முடிஞ்சுது" என்றார் மேலாளர். பாய் அழிக்கவில்லை. மூன்று வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். ஊரார் ஒப்புக்கொண்டார்கள். தங்களுக்கே தெரியாத கதை இது என்றார்கள். வரைந்தவர் பெயரை ஒவ்வொரு படத்தின் கீழும் போடுகிறோம், பெயரை அனுப்புங்கள் என்று மேலாளரைக் கேட்டார்கள். "அனுப்பிட்டேன் பாய்" என்றார் அவர்.

அன்று பாய் எல்லோருக்கும் சமோசா வாங்கினார். "மககிட்ட சொல்லிட்டேன், வாப்பா பேரு லண்டன் புஸ்தகத்துல வருதுன்னு. மார்ல்கோட்னு சொன்னா மிட்டாய்க் கடைப் பேராங்கிறா."

புத்தகம் வந்தது. எல்லாப் படத்தின் கீழும் மேலாளர் பெயர். பாய் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எட்டும் இருக்கு" என்று மூடி வைத்தார்.

"சும்மா விடப் போறீங்களா?" என்று கத்தினேன்.

"விசா புதுப்பிக்கிற கையெழுத்து யாருது தம்பி?"

"மகளுக்கு என்ன சொல்வீங்க?"

"புஸ்தகம் இன்னும் வரலைன்னு சொல்லியிருக்கேன்."

அந்தப் பொய்யோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார். அவரை அப்படிச் சொல்ல வைத்ததில், வாய்மூடி உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். விட்டுப்போன கோடு தெரிந்தால் இப்போது நான் அவசரப்பட்டுச் சேர்ப்பதில்லை. அங்கே யார் இருந்தார்கள் என்று முதலில் பார்க்கிறேன்.

அலுவலக இரங்கல் கூட்டத்தில் மேலாளர் அவருடைய அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசினார். படங்களின் கீழே ஏன் அவர் பெயர் இல்லை என்று நான் எழுந்து கேட்டேன். மேலாளர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூன்று வாரம் ஆகிறது. அதனால் பாயை அறிந்த எல்லோர் முன்னிலையிலும் எழுத்தில் கேட்கிறேன்: சார், மார்ல்கோட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வரைந்தது ஜமால் முகமது என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். என்றைக்கு எழுதுவீர்கள்?