பெப்டைடுக்கு ஈரத்துணி

தப்பு முழுக்க என் வாயால் வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது பசுமலையில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சிலருக்குக் காயம் சட்டென்று ஆறிவிடுகிறது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது, அது ஏன் என்பதுதான் ஆய்வு. தட்டில் வளர்த்த தோல் செல்கள் மேல் ஒரு பெப்டைடைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு வேண்டிய பெப்டைடு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். என் உதவித்தொகை முடிய நாலே மாதம் இருந்தது. "இது ஒண்ணுதாம்மா. இது கெட்டுப்போச்சுன்னா உன் தீசிஸ மறந்துர வேண்டியதுதான்" என்று என் வழிகாட்டியம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் ஆய்வகத்து அட்டெண்டர் அண்ணன் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். ஒருநாள், "பெப்டைடுன்னா என்ன மேடம்?" என்றார். அன்றைக்கு நான் அபூர்வமாக நல்ல மனநிலையில் இருந்து தொலைத்தேன்.

"அமினோ அமிலம்னு சின்னச் சின்னதா இருக்குண்ணே. அத ஒண்ணு பின்னால ஒண்ணா சேத்துக் கட்டுனா பெப்டைடு. உங்க வீட்டுல அக்கா மல்லியப்பூ கட்டுறாங்கல்ல, அந்த மாதிரி."

அவர் மனைவிக்குக் கல்லூரி வாசலிலேயே பூக்கடை. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அட, பூச்சரமா! சூடு தாங்குமா மேடம்?"

"தாங்காதுண்ணே. ஐஸ்லதான் வரும்."

"அப்பப் பூவேதான்" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். எம்புட்டு அழகாகப் பாடம் நடத்துகிறோம் என்று எனக்கு ஒரே பெருமை.

விற்பவரைப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. உடற்பயிற்சிக்கூடமே கதியென்று கிடக்கும் என் தம்பி ஒரு இணையதளத்தைக் காட்டி, "அக்கா, இங்கதான் மலிவு" என்றான். பக்கம் முழுக்கச் சட்டை போடாத ஆண்கள் புஜத்தை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அடியில் பொடி எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்று இருந்தது. தூய்மைச் சான்றிதழ் அனுப்புங்கள் என்று எழுதினேன். இன்னொரு புஜத்தின் படம் வந்தது. "இதப் போய் ஊசில ஏத்திக்கிட்டன்னா உன்னைய நானே ஆஸ்பத்திரில கொண்டு போய்ப் போட்டுட்டு வந்துருவேன்" என்று தம்பியை விரட்டிவிட்டு, தயாரிப்பு எண்ணோடு சோதனை அறிக்கையும் அனுப்பிய வேறொரு நிறுவனத்தில் ஆர்டர் போட்டேன். பிறகு சுங்கத்துக்குக் கடிதங்கள். மருந்தா? இல்லை. உணவா? இல்லை. உயிருள்ளதா? இல்லை. அப்புறம் எதற்கு ஐஸ் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பார்சல் வருவதாகச் சொன்ன நாள் திங்கட்கிழமை. அதை நம்பி, சனிக்கிழமை பேரையூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டேன். ஒலிபெருக்கி காதைப் பிளந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், வெளிநாட்லருந்து உங்களுக்கு பெட்ஷீட்டு வந்திருக்கு. ஆதார் நம்பர் சொல்லுங்க."

"என்னது, பெட்ஷீட்டா? நான் எந்த பெட்ஷீட்டும் வாங்கல. ஆதார் நம்பர் சொல்லணுமாக்கும்? யார ஏமாத்தப் பாக்குற? திருப்பி அனுப்பு, போ!"

ஒரு மோசடிக்காரனை மடக்கிவிட்ட பெருமிதத்தோடு பந்தியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அந்தக் கதையை அளந்தேன். பக்கத்திலிருந்த பெரியம்மா, "வெளிநாட்டுக்காரன் எதுக்குத்தா ஒனக்கு பெட்ஷீட்டு அனுப்புறான்?" என்றார். சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. பெட்ஷீட். பெட்சைடு. பெப்டைடு. அடிப் பாவி!

கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடினேன். வந்த எண்ணைக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. எடுப்பானா? திருமங்கலம் பஸ்ஸில் ஏறி அட்டெண்டர் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"வந்துருச்சு மேடம். நீங்க வேணாம்னீங்கன்னு கூரியர்க்காரன் திருப்பிக் கொண்டுபோகப் பாத்தான். நான் விடுவனா? இது நம்ம மேடத்தோடதுன்னு காலேஜ் சீலக் குத்தி வாங்கிட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க நல்லா இருப்பீங்கண்ணே. ஃப்ரீசர்ல வச்சிட்டீங்களா?"

"எங்கிட்டு வைக்க? பராமரிப்புன்னு காலையிலருந்து கரண்டு இல்ல. ஃப்ரீசரத் தொறந்தா வெந்நீர்ப் பானையாட்டம் இருக்கு. நீங்க பதறாதீங்க. பெட்டிய நெழல்ல வச்சு, ஈரத்துணி போட்டு, அப்பப்பத் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்கேன்."

தண்ணீர்! உலர்ந்த பொடியாக வரும் பெப்டைடுக்கு ஈரம்தான் முதல் எதிரி. பஸ் என்பதையும் மறந்து கத்தினேன். "தண்ணியா? உங்களுக்கு அறிவிருக்காண்ணே? அது என்ன பூவா?"

"நீங்கதான மேடம் பூச்சரம்னு சொன்னீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நடத்துநர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, கல்யாணப் பூவா?" என்றார்.

போய்ப் பார்த்தால் படிக்கட்டு நிழலில் தெர்மோகோல் பெட்டி, மேலே ஈரத்துணி, பக்கத்தில் சொம்போடு அண்ணன். துணியை விலக்கினேன். நிறுவனம் வைத்தனுப்பிய ஐஸ் பைகள் கஞ்சியாகக் கிடந்தன. ஆனால் பெட்டி நிறையப் புது ஐஸ். அதன் நடுவே, ஒட்டுப் பிரியாத அலுமினிய உறை. சூடேறினால் சிவப்பாகும் சீட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அது வெள்ளையாகவே இருந்தது.

"பூவுல நேரா தண்ணி பட்டா அழுகிரும் மேடம். துணி மேலதான் தெளிச்சேன். கவர நான் தொடல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"இம்புட்டு ஐஸ் ஏதுண்ணே?"

"கெடச்சுச்சு."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கரண்ட் வந்து, ஃப்ரீசர் குளிர்ந்து, உறையை உள்ளே வைக்கிற பரபரப்பில் அது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

திங்கட்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு உறையை வெளியே எடுத்தேன். குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்துவிடும் என்பதால் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து பிரித்தேன். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார். "மேடம், காலியா இருக்கு! சத்தியமா நான் எடுக்கல!"

"இருக்குண்ணே. கண்ணுக்குத் தெரியாத அளவு கொஞ்சம்தான் வரும்" என்று சுழற்றும் இயந்திரத்தில் குப்பியை வைத்துச் சுற்றி எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். அடியில் மூச்சுக்காற்று படிந்த மாதிரி ஒரு வெள்ளை.

"இதுக்கா!" என்றார். கரைத்துச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, பெயர் ஒட்டி, உள்ளே வைத்தோம்.

சாயங்காலம் சந்தோஷத்தில் ஒரு முழம் பூ வாங்கலாமென்று வாசல் கடைக்குப் போனேன். அண்ணனும் அங்கே நார் நனைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூவா வேணும்? சனிக்கிழம வந்திருந்தா அள்ளிக் குடுத்திருப்பேன். ஞாயித்துக்கிழம முகூர்த்தத்துக்கு மொட்டு வாங்கி ஐஸ்ல வச்சிருந்தேன். இந்த மனுசன் வந்து ஐஸ் பூராத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டாரு. மொட்டு அம்புட்டும் விரிஞ்சு போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து ஏசிட்டுப் போனாக."

"ஏய், சும்மா இரு" என்றார் அண்ணன்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? அதுக்கப்புறமும் இவரப் பாத்து அறிவிருக்கான்னு கேட்டீகளாமே?"

சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எதற்காவது அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. "அண்ணே, அறிவு இல்லாதது எனக்குத்தான். மன்னிச்சிருங்க" என்றேன். அவர் கூச்சத்தில் நாரை மறுபடி மறுபடி தண்ணீரில் முக்கினார்.

அக்கா சரத்தை அளந்தார். முழங்கையைத் தாண்டி இன்னும் நாலு விரல் விட்டே அறுத்தார். என் கையில் வைத்துவிட்டு, "அது கெடக்கு. ஒங்க பூ வாடலைல்ல?" என்றார்.

"வாடலக்கா."