நடு வீட்டுப் போன்

காட்டுப்பாக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டில் நடந்ததாம். சாவு சேதி சொல்ல வந்த போன் பாதியிலேயே அறுந்து போயிற்றாம். சுற்றியிருந்த மற்ற போன்கள் எல்லாம் சிக்னலை உறிஞ்சிக்கொண்டதுதான் காரணமாம். தையல் கம்பெனியில் பக்கத்து மெஷின் கார்த்திகா சொன்னாள். அவளுக்கு ஓரகத்தி சொன்னது. ஓரகத்திக்கு யார் சொன்னார்கள் என்று சாமுண்டீஸ்வரி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கொரட்டூர் ஏரிப் பக்கம் போகும் சந்தில் வரிசையாக ஐந்து வீடுகள். நடு வீடு சாமுண்டீஸ்வரியுடையது, கடைசி வீடு ராஜகுமாரியுடையது. காலையில் குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்தில் நடுவிலிருப்பவர்கள் பிடித்துக்கொண்டே இருந்தால் கடைசி வீட்டுக்கு வெறும் காற்றுதான் போகும். அதனால் சாமுண்டீஸ்வரி தன் குடம் கழுத்துவரை ஏறியதும் குழாயை மூடிவிடுவாள். "ராஜி, இப்போ புடிமே" என்று குரல் கொடுப்பாள். புருஷன் போய்ச் சேர்ந்து, மகனும் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்ட பிறகு, அந்தக் குரலும் அதற்கு வரும் பதிலுமாகத்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

சந்து முனையில் நாலு மாடிக் கட்டடம் எழும்பியதிலிருந்து உள்ளே போனில் சிக்னல் எடுக்காது. போன வருஷம் கேபிள்காரன் ஜெகதீசன் எல்லார் போனிலும் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். முனை வீட்டுப் போன் சிக்னலை டவரிலிருந்து வாங்கி அடுத்த வீட்டுப் போனுக்குக் கொடுக்கும். அது அதற்கடுத்ததற்கு. இப்படியே கைமாறிக் கடைசி வீடு வரை போகும். அவன் விளக்க விளக்க சாமுண்டீஸ்வரி தலையாட்டினாள். அவள் மனதில் இருந்தது தண்ணீர்க் குழாய்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு போன் வந்தது.

"அத்தே, நான் கவிப்பிரியா. அம்மா எப்பிடி கீது?"

ராஜகுமாரியின் மகள். மூன்று வருஷத்துக்கு முன் தனக்குப் பிடித்தவனோடு போனவள். இனி என் முகத்தில் முழிக்காதே என்று தாய் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை முழிக்காதவள்.

"மகாராணிக்கு இப்பத்தான் நெனப்பு வந்துச்சா? கீறா. உன் பேர எடுத்தா முந்தானையால மொகத்த மூடிக்கிறா."

"ஞாயித்துக்கெழம மத்தியானம் அம்மாவுக்குப் போன் பண்றேன் அத்தே. எடுக்கலன்னா நான் வாணான்னு அர்த்தம். அப்பறம் தொந்தரவு பண்ண மாட்டேன்."

சாமுண்டீஸ்வரி அன்றே போய்ச் சேதியைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ராஜகுமாரி தலைக்குக் குளித்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே, போனுக்குள்ளேர்ந்து எட்டிப் பாக்கப் போறாளா?"

"வீடியோல வந்தாலும் வருவா இல்லக்கா."

"சரி, அத நோண்டாத. அடிச்சா மட்டும் எடு. சிக்னல் பூரா உனக்கே வர்ற மாதிரி நான் பாத்துக்கிறேன்."

வீட்டுக்கு வந்து தன் போனை அணைத்தாள். குடம் நிறையும் முன்பே குழாயை மூடியது போல மனசு லேசாக இருந்தது. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கடைசி வீட்டுப் பக்கம் காதை வைத்திருந்தாள். கீரை ஆய்ந்து முடிந்தது. குழம்பு கொதித்து ஆறியது. அங்கே மணிச் சத்தமே இல்லை.

வெயில் சாய்ந்த பிறகு ராஜகுமாரி வந்தாள். பழைய புடவைக்கு மாறியிருந்தாள். "அவ பண்ணலக்கா. சும்மா சொல்லிக்கீறா" என்றாள். நின்று பேசாமல் திரும்பிப் போனாள்.

சற்று நேரத்தில் ஜெகதீசன் வந்து நின்றான். "யக்கா, உன் போன் செத்துப்போச்சா? உனக்கு அந்தாண்ட ரெண்டு ஊட்லயும் மத்தியானத்துலேர்ந்து சிக்னல் இல்லியாம். நாலாவது ஊட்டுப் பெருசு என்னப் புடிச்சித் திட்டுது."

"நான்தான் அணைச்சி வெச்சேன். ராஜிக்கு நெறைய வரட்டும்னு."

அவன் சிரித்துவிட்டான். "கொழாயா இது? நீ மூடுனா அவளுக்கு நெறைய வராதுக்கா. ஒண்ணுமே போவாது. உன் போன் வழியாத்தானே அவளுக்குப் போவுது." அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

போனை ஆன் செய்தாள். திரை வெளிச்சமானதும் கவிப்பிரியாவின் மெசேஜ் வந்து விழுந்தது.

'அம்மாவுக்கு மூணு வாட்டி அடிச்சேன் அத்தே. சுவிட்ச் ஆஃப்னு வருது. சரி உங்களயாவது கேக்கலாம்னு பண்ணா உங்களுதும் ஆஃப். ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினீங்களா. பரவால்ல.'

கடைசி வீட்டில் ராஜகுமாரி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டால், பேசு என்று ராஜி கையிலேயே போனைக் கொடுத்துவிடலாம். சாமுண்டீஸ்வரி எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். சந்தின் ஐந்து போன்களும் இப்போது விழித்திருந்தன. சிக்னல் முழுசாக இருந்தது. மணி போனது, நின்றது. மறுபடி அழுத்தினாள்.

"எடுடி கண்ணு" என்றாள் மெல்ல. மணி போய்க்கொண்டே இருந்தது.