பக்கத்து ஊருக்குப் போன ரூம்

பக்கத்து ஊர் பால்வாடிக்குப் புது ரூம் கட்ட அரசாங்கப் பணம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. நான் படவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பீளமேட்டில் பி.ஏ. முடித்துவிட்டு, சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். ரேஷன் கார்டோ, முதியோர் பென்ஷனோ, ஊரில் எந்த மனுவானாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அக்கா விசைத்தறிக் குடோனில் தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. மாமா லாரியில் ஏறினால் வாரக்கணக்கில் வரமாட்டார். வீட்டில் இருந்த நான் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதனால் மூன்று வயசு மகனை ஜன்னல் கம்பியில் சேலைத் துணியால் இடுப்போடு கட்டிப்போட்டுவிட்டுத்தான் அக்கா வேலை பார்ப்பாள். ஒரு நாள் முடிச்சு அவிழ்ந்து, ஓடுகிற மோட்டார் பெல்ட்டுக்குக் கையை நீட்டிவிட்டான். தறி ஓட்டுகிற ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான்.

"இனிப் பையனைக் கூட்டிட்டு வராதீங்க அம்மணி. ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?" என்றார் குடோன் முதலாளி. வேறு ஏற்பாடு செய்ய ஆறு மாசம் தவணை கொடுத்தார்.

எங்கள் ஊர் பால்வாடியில் ஒரே ரூம். டீச்சர் கையை விரித்தார். "இப்பவே ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்குதுங்க. இன்னொரு ரூம் கட்டச் சொல்லுங்க, முதல் இடம் உங்க மருமகனுக்குத்தான்."

அந்த வருஷம் பால்வாடிகளுக்குக் கூடுதல் ரூம் கட்ட யூனியன் ஆபீஸில் மனு வாங்கினார்கள். ஐந்து பக்கத்துக்கு எழுதி, டைப் அடித்துக் கொடுத்தேன். பக்கத்து ஊருக்கு மனு எழுதியவன் என்னோடு பத்தாவது வரை படித்தவன். ப்ளஸ் டூவில் பெயிலாகி லேத் பட்டறைக்குப் போனவன். அரைப் பக்கம் கிறுக்கிக்கொண்டு என்னிடமே வந்து, "மாப்ள, இது சரியானு பாருங்க" என்றான். படித்துப் பார்த்தேன். எத்தனை பிள்ளைகள் என்றுகூட எழுதவில்லை. "சரிதானுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்க்க ஆபீசர் வருகிறார் என்று கடிதம் வந்தது. எங்கள் ஊரில் விருந்தாளி வந்தால் வீட்டில் உள்ள குறையைக் காட்ட மாட்டோம். சுண்ணாம்பு அடித்தோம். வாசலில் கோலம். முதலாளி வீட்டு நாற்காலி, டேபிள் ஃபேன், இளநீர். ஆபீசர் வரும்போது பிள்ளைகள் அழுது கலாட்டா பண்ணினால் மரியாதையாக இருக்காது என்று, பாதிப் பேரை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னோம். சொன்னது நான்தான். வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் நான்தான்.

மிச்சப் பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கைகூப்பின. ஆபீசர் மகிழ்ந்துபோனார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. இடம் பத்தலைன்னு எழுதியிருந்தீங்களே?"

ஊர் சார்பில் நின்ற முதலாளி நெளிந்தார். "அதெல்லாம் அனுசரிச்சுக்கறோமுங்க. நீங்க பாத்துச் செஞ்சாச் சரிங்க."

நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

பக்கத்து ஊரில் அவன் பட்டறைக்கு லீவு போடவில்லை. கரி படிந்த கையோடு அரைமணி நேரம் வந்து நின்றானாம். ஆபீசர் செருப்பைக் கழற்றக்கூட இடமில்லையாம். "உள்ள கால் வைக்க முடியாதுங்க, வெளியவே நின்னு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டானாம்.

பணம் அவர்களுக்கு வந்தது. யூனியன் ஆபீஸில் போய்க் கேட்டேன். கிளார்க் எங்கள் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். 'இடம் போதுமானதாக உள்ளது' என்று பச்சை மையில் எழுதியிருந்தது.

டீக்கடையில் ஒருவர், "பி.ஏ. எழுதினா இளநீர்ச் செலவு, பட்டறைக்காரன் எழுதினா ரூமு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு சைக்கிளில் அந்தப் பக்கம் போவேன். அஸ்திவாரம் எழும்பியது, சுவர் எழும்பியது. மழை வந்து மணலைக் கரைத்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்திருக்கிறேன். சுவரில் விரிசல் தேடியிருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. நல்ல கட்டிடம். ஜன்னல்கூடப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிற உயரத்தில் வைத்திருந்தார்கள். அதைச் சொன்னதும் அவன்தானாம்.

முதலாளி கொடுத்த தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது அக்கா சொன்னாள். "அந்த ஊர்ல போய் ஒரு வார்த்தை கேளு கண்ணு."

"அவன்கிட்டயா?"

"போனா உன் ரோசம் போகும். போகாட்டி என் வேலை போகும், இல்லை, பையன் கை போகும். எது போகட்டும், நீயே சொல்லு."

போனேன். அவன் சாரத்தில் நின்று சிமெண்ட் சட்டியை வாங்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

"ஏனுங்க மாப்ள, இதுக்குப் போய்க் கேட்டுட்டா நிப்பாங்க? டீச்சர்கிட்ட நான் சொல்றேன். திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. ரூம் முடியற வரைக்கும் மரத்தடியில வச்சுக்கலாம்."

ஒரு குத்தல் பேச்சாவது பேசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை மருமகனை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவான், ஒரு மணி நேரமாவது கூட இருக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவன் இறங்கியதும் மணல் குவியலைப் பார்த்து ஓடினான். பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் குனிந்து ஒரு பிடி மணலை அவன் கையில் அள்ளி வைத்தான். "மாமா, இன்னும்" என்றது குழந்தை, அவனைப் பார்த்து.

திரும்பி வந்து குடோன் வாசலில் நின்றேன். தறிச் சத்தத்தில் அக்கா கத்திக் கேட்டாள். "அழுதானா?"

"இல்லை."

அவள் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.