புறாவைத் தேய்த்த அரம்

கண்ணிவெடி அகற்றும் வேலையில் எட்டு வருடம் இருந்தேன். அங்கே உலோகம் தேடும் மிசின் கத்தினால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வேலை முடிந்தபின் மச்சான் வெளிநாட்டிலிருந்து ஒரு மிசின் அனுப்பினான். அதைத் தூக்கிக்கொண்டு மன்னார்த் தீவின் கல்லுக்கரையில் நடக்கத் தொடங்கியபோது அதே சத்தத்துக்கு எனக்கு வாய் ஊறியது. மனிதன் அவ்வளவுதான். யாராவது கேட்டால், வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு பொறுக்குகிறேன் என்பேன்.

பெரும்பாலும் சோடா மூடியும் தூண்டில் முள்ளும்தான் கிடைக்கும். எப்போதாவது ஒரு பழைய செப்புக்காசு. ஒரு வருடம், தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று ஓய்ந்த வாரத்தில், முருகைக்கல் இடுக்கு ஒன்றுக்குள் ஒரு தாலி கிடைத்தது. கொடி இல்லை. நகத்தளவு தங்கம், அதில் தூய ஆவியின் புறா. ஒரு சிறகு மட்டும் கட்டை.

எங்கள் பக்கத்தில் கடல் ஒதுக்குவது கண்டெடுத்தவனுக்கு. தாலி அப்படியல்ல. அதைப் பங்குத்தந்தையிடம் கொடுக்க வேண்டும். ஞாயிறு பூசையில் அறிவிப்பார். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் எனக்கு அடுத்த வருடம் மகளின் புதுநன்மை, அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவள் கழுத்தில் போட ஒன்றுமில்லை. தாலி என்று தெரிந்தால் நகை செய்யும் பத்தர் உருக்க மாட்டார். ஆகவே குசினி அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அரத்தால் அந்தப் புறாவைத் தேய்த்தேன். தலை முதலில் போனது, கட்டைச் சிறகு கடைசியில். உடைந்த தோட்டின் துண்டு என்று பத்தரிடம் சொன்னேன். ஒரு சின்னச் சிலுவை செய்து தந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு அம்மா வீடு தேடி வந்தார். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி, எங்கள் தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருப்பவர்.

“தம்பி, உங்களிட்ட தங்கம் தேடுற மிசின் இருக்காமே?”

“இதுவரைக்கும் தங்கம் ஒண்டும் ஆம்பிடேல்லை அக்கா,” என்றேன். என் அப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அவர் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

போர் மூண்டு அவர் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிய அன்று, வழியில் பறித்துவிடுவார்கள் என்று தாலியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்திருக்கிறார். கல்லில் வழுக்கி விழுந்து, எழும்பி, வள்ளத்தில் ஏறிய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது தெரிந்திருக்கிறது.

“என்ர மனுசனிட்ட நான் சொல்லேல்லை தம்பி. பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குதெண்டு பொய் சொன்னனான். முகாமில அவர் சாகேக்கையும் கேட்டவர். அப்பவும் இருக்குதெண்டுதான் சொன்னனான். ஒருக்காக் கையில பிடிச்சுக்கொண்டு அவருக்கு உண்மையைச் சொல்லோணும். புறாவுக்கு ஒரு செட்டை கட்டை. பார்த்தா உங்களுக்கே தெரியும்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் மிசினை எடுத்துக்கொண்டு அவருடன் போனேன். அங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்த பொருளை மூன்று நாள் கல் கல்லாகத் தேடினேன். மிசின் கத்தும்போதெல்லாம் அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு குனிந்தார். சோடா மூடியைக்கூடக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எடுத்த அதே இடுக்கையும் அவர் காட்ட, கையை விட்டுத் தடவினேன். என்னையே காறித் துப்பலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் அவரே நிறுத்தினார்.

“விடுங்கோ தம்பி. உங்கட முகம் செத்துப்போச்சு. எனக்காக இவ்வளவு பாடுபட்டியள். கடவுள் உங்கட பிள்ளையைப் பார்ப்பார்.”

புதுநன்மைக்கு அவரை அழைத்தேன். அழைக்காமல் இருக்க மனம் விடவில்லை. வெள்ளை உடுப்பில் நின்ற மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தார். பிறகு குனிந்து, அவள் கழுத்தில் கிடந்த அந்தச் சிலுவையை இரண்டு விரலால் தூக்கி, பெரிய வெள்ளியில் கோவில் சிலுவைக்குச் செய்வதுபோல உதட்டில் வைத்து முத்தி செய்தார்.

“வடிவாக் கிடக்கு. துலைச்சுப்போடாத பிள்ளை.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் கேக் தட்டுடன் பக்கத்தில்தான் நின்றேன்.

“ஓம் எண்டு சொல்லு,” என்றேன்.